பத்தாம் வகுப்புக் கணிதத் திருப்புதல்: ஐவர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இரண்டாம் திருப்புதல் தேர்வு முடிந்துவிட்டால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ‘குரூப் ஸ்டடி’க்கு உட்கார்ந்துவிடுவார்கள். பல பள்ளிகளில் கணித ஆசிரியரே வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, நன்றாகப் படிக்கும் ஒருவரைக் குழுத் தலைவராக்கி, வராந்தாவிலோ மரத்தடியிலோ உட்கார வைக்கிறார். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஒரு குழுவின் கடைசி நான்கு வாரம். இது தனியொரு பள்ளியின் கதை அல்ல, ஊருக்கு ஊர் காணும் அமைப்புதான். தொண்ணூறுக்கு மேல் வாங்கும் ஒருவர், அறுபதை ஒட்டி இருவர், முப்பத்தைந்தைத் தொடுவோமா என்ற பயத்தில் இருவர்.

இதே ஐந்து பேரை வைத்து ஒரு குழு தேறுகிறது, இன்னொன்று வீணாகிறது. வித்தியாசம் தலைவரின் அறிவில் இல்லை. கணக்குப் போடும்போது பென்சில் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

வினாத்தாளை முதலில் பங்கு போடுங்கள்

மொத்தம் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதற்கு முன் வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களை நிரப்பவும் 15 நிமிடம். முதல் பகுதி 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், சாய்ஸ் கிடையாது. இரண்டாம் பகுதியில் 14 இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10 எழுத வேண்டும். 28-ஆம் வினா கட்டாயம். மூன்றாம் பகுதியில் 14 ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10. 42-ஆம் வினா கட்டாயம். நான்காம் பகுதியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா எட்டு மதிப்பெண். இரண்டிலும் ‘அல்லது’ உண்டு.

பயத்தில் இருக்கும் இருவருக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினாலே பாதிப் பயம் போய்விடும். வடிவியலும் வரைபடமும் 16. ஒரு மதிப்பெண்ணில் 14-க்கு 10. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து வினா சரியாக இருந்தால் இன்னொரு 10. ஆக 36, அதாவது தேர்ச்சி. இதில் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றுகூடச் சேரவில்லை. ஓரிடம் சறுக்கினாலும் தாங்குவதற்கு நான்கைந்து ஐந்து மதிப்பெண் கணக்குகளை ஸ்டெப் மார்க்குக்காகவாவது எழுதப் பழகிக்கொண்டால் போதும்.

தலைவரின் கணக்கு வேறு. அவர் கோட்டை விடுவது பெரும்பாலும் கட்டாய வினாக்களான 28, 42 இரண்டிலும், அவசரத்தில் குறி மாற்றி எழுதுவதிலும்தான். அறுபதில் இருக்கும் இருவருக்கு முறை தெரியும், ஆனால் முடிக்கும் வேகம் இல்லை. மூன்று வகைத் தேவையை ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டு, முதல் இயலான ‘உறவுகளும் சார்புகளும்’ தொடங்கி வரிசையாகப் போவதுதான் குழுக்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலை. கார்ட்டீசியன் பெருக்கல் சரிபார்ப்பதிலேயே மூன்று மாலை போய்விடும். எட்டாம் இயலான ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ வரை எந்தக் குழுவும் போய்ச் சேர்வதில்லை. நான்காம் பகுதியில் தொடங்குங்கள். 16 மதிப்பெண்ணுக்குக் கற்றுக்கொள்ள வேண்டிய வகைகள் விரல்விட்டு எண்ணிவிடக் கூடியவை.

முதல் வாரம் ஏன் வீணாகிறது

தலைவர் சாக்பீஸை எடுத்துக் கணக்கைப் போடுகிறார். மற்ற நால்வரும் பார்த்து எழுதுகிறார்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் நால்வரும் தலையாட்டுவார்கள். மறுநாள் அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. பார்த்தால் புரிவது ஒன்று, வெற்றுத்தாளில் அடுத்த வரி தானாக வருவது இன்னொன்று. தேர்வு கேட்பது இரண்டாவதை. தலைவரோ ஏற்கெனவே தெரிந்ததையே நாற்பது நிமிடம் போட்டுக் காட்டியிருப்பார்.

சிறு குழுக்களில் பிள்ளைகள் கணிதம் கற்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நோரீன் வெப் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. காரணத்தோடு விளக்குபவருக்குப் பயன் கிடைக்கிறது. விடையை மட்டும் வாங்கிக்கொள்பவருக்குக் கிடைப்பதில்லை. விளக்கம் கேட்டவர் உடனே அதை வைத்துத் தானே ஒரு கணக்கைப் போட்டால்தான் கேட்டது ஒட்டுகிறது.

நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு இது தெரிந்திருந்தது. அவர் வேலை மற்ற பிள்ளைகளை எழுதவைத்துப் பார்ப்பதும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதும். 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தில் மாணவரை வைத்தே மாணவருக்குக் கற்பித்து, 1797-இல் லண்டனில் அதை அறிக்கையாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஊரில் இருந்த பழக்கம் கப்பலேறிப் போய்ப் பெயர் வாங்கியது என்றும் சொல்லலாம்.

ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து ஒரே விதி: கணக்கு வராதவர் கையில்தான் பென்சில். தலைவர் வாயால் மட்டும் பேசலாம், அதுவும் கேள்வியாக. ‘அடுத்து என்ன கண்டுபிடிக்கணும்?’, ‘இந்த எண் எங்கிருந்து வந்துச்சு?’ தலைவர் பொறுமையிழந்து நோட்டைப் பிடுங்கும் இடத்தில் அந்த மாலை முடிந்துவிடும். நோட்டைப் பிடுங்காத தலைவர் அபூர்வம் என்பதால், அவர் பேனாவை வாங்கி வேறொருவர் பையில் போட்டுவிடுவது நல்லது.

ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம்

செய்முறை வடிவியலில் அதிகம் சொதப்புவது முக்கோணம் வரைதல். அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து வரும் நடுக்கோடு 5.8 செ.மீ.; முக்கோணம் வரைந்து குத்துயரத்தின் நீளம் காண்க. இதுதான் கணக்கு.

முதலில் உதவிப்படம். இதை விட்டுவிட்டு நேராகப் படத்துக்குப் போகிறவர்கள் நடுக்கோட்டையும் குத்துயரத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதோடு உதவிப்படத்துக்கு உரிய மதிப்பெண்ணும் போகிறது. பிறகு 8 செ.மீ. அடிக்கோடு. அதன் இடது முனையில், கோட்டுக்குக் கீழ்ப்பக்கமாக 60° கோணம். அந்தக் கீழ்க்கோட்டுக்கு 90° இருக்குமாறு, அதே முனையிலிருந்து மேல்நோக்கி இன்னொரு கோடு. அடிக்கோட்டுக்கு மையக்குத்துக்கோடு. அது மேல்நோக்கிய கோட்டை வெட்டும் இடமே வட்ட மையம். மையத்திலிருந்து அடிக்கோட்டின் முனை வரை ஆரமாக வைத்து வட்டம். அடிக்கோட்டின் நடுப்புள்ளியில் காம்பஸ் முனையை ஊன்றி 5.8 செ.மீ. வில். அது வட்டத்தை வெட்டும் புள்ளிதான் உச்சி.

இதில் ஐவர் குழுவில் கேட்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“வில்லு வட்டத்துல படவே மாட்டேங்குதுடா. காம்பஸ் லூசா இருக்கு.”

“காம்பஸ் இல்ல, அறுபது டிகிரிய எந்தப் பக்கம் போட்ட?”

“மேல.”

“அதான். கீழ போட்டுப் பாரு.”

கோணத்தை மேலே போட்டால் மையம் அடிக்கோட்டுக்குக் கீழே போய்விடும். வட்டத்தின் மேற்பகுதி அடிக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2.3 செ.மீ. உயரம்தான் இருக்கும். 5.8 செ.மீ. வில் அதற்கு மேலே வெட்டவெளியில் போகும். வில் எட்டாதது பிழையின் அடையாளம் என்பதைத் தெரிந்துகொண்ட பிள்ளை தேர்வறையில் தானே திருத்திக்கொள்ளும். காம்பஸைக் குறை சொல்லும் பிள்ளை ஆரத்தைக் கூட்டிக் குறைத்துப் பொருத்திவிடும்.

சரியாக வரைந்தால் குத்துயரம் 3.8 செ.மீ. வரும். 3.7 என்று ஒருவருக்கு வந்தால் பென்சில் முனை மழுங்கியிருக்கும், 4.5 என்று வந்தால் முறையே பிசகு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது தலைவரின் வேலை.

நடுக்கோட்டுக்குப் பதில் கோண இருசமவெட்டி கொடுத்திருந்தால் கடைசிப் படி மாறும். மையக்குத்துக்கோடு வட்டத்தை அடிக்கோட்டுக்குக் கீழே வெட்டும் புள்ளியை, அடிக்கோட்டில் கொடுத்த புள்ளியோடு சேர்த்து மேலே நீட்ட வேண்டும். மேலே வெட்டும் புள்ளியை எடுப்பவர்கள்தான் அதிகம். வடிவொத்த முக்கோணத்தில் குழப்பம் எண்ணில் வரும். மூன்றில் ஏழு என்றாலும் ஐந்தில் மூன்று என்றாலும் கதிரில் பெரிய எண் அளவுக்குப் புள்ளி வைத்து, கீழெண் புள்ளியை முக்கோண முனையோடு சேர்த்து, மேலெண் புள்ளி வழியே இணைகோடு வரைய வேண்டும். தொடுகோடு எளிது; சரிபார்ப்பும் கையிலேயே இருக்கிறது. விட்டம் 6 செ.மீ., புள்ளி மையத்திலிருந்து 8 செ.மீ. என்றால் 64-இல் 9 போக 55, அதன் வர்க்கமூலம் 7.4. அளந்தது 7.4-ஐ ஒட்டி இல்லையென்றால் மறுபடி வரைய வேண்டியதுதான்.

வரைபடத்தில் குறி

‘ஒய் = 2எக்ஸ்²’ வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு ‘2எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0’ தீர்க்கவும். பரவளையம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. நேர்க்கோட்டில்தான் விழுகிறார்கள். முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும்போது கீழ்வரிசைக் குறிகள் மாற வேண்டும். மாற்றினால் ‘ஒய் = எக்ஸ் + 6’. அந்தக் கோடு பரவளையத்தை எக்ஸ் 2 ஆக இருக்கும் இடத்திலும் −1.5 ஆக இருக்கும் இடத்திலும் வெட்டும். குறி மாற்ற மறந்தால் ‘ஒய் = −எக்ஸ் − 6’. இந்தக் கோடு பரவளையத்தைத் தொடாமலே போகும். பாடநூலில் மெய்த்தீர்வு இல்லாத கணக்கும் இருப்பதால், ‘மெய்யெண் மூலங்கள் இல்லை’ என்று தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். எட்டு மதிப்பெண்ணில் கணிசமான பங்கு அங்கேயே கழியும்.

குழுவில் இதற்கு நல்ல பிடி ஒன்று உண்டு. கிராஃப் தாளை எடுக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர் காரணிப்படுத்திப் பார்த்துவிட வேண்டும். மூலம் 2-உம் −3/2-உம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, வரைந்தவர் தாளில் கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

அட்டவணையில் வரும் தவறு வேறு மாதிரி. எக்ஸ் −3 என்றால் அதன் வர்க்கம் 9. அவசரத்தில் −9 எழுதுகிறார்கள். புள்ளிகள் வளைவாக வராமல் ஒரு பக்கம் கவிழ்ந்து கிடக்கும். ‘ஒய் = எக்ஸ்² + எக்ஸ் − 2’ போன்றதில் −1-க்கும் 0-க்கும் ஒரே மதிப்பு, −2, வருகிறது. உடனே ஸ்கேல் வைத்து அடியைத் தட்டையாக இழுத்துவிடுவார்கள். வளைவு −0.5-இல் −2.25 வரை இறங்கும் என்று ஒருமுறை கணக்கிட்டுக் காட்டினால் அப்புறம் ஸ்கேலைத் தொட மாட்டார்கள். அளவுத்திட்டத்தைத் தாளின் வலது மேல்மூலையில் முதலிலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் எழுதலாம் என்று நினைப்பவர்கள் எழுதுவதில்லை.

ஐந்து மதிப்பெண்: விடையை எப்படிச் சந்தேகப்படுவது

9³ + 10³ + … + 21³ கூடுதல் காண்க. முதல் 21 கனங்களின் கூடுதல் 231², அதாவது 53,361. இதிலிருந்து முதல் எட்டைக் கழிக்க வேண்டும்: 36², 1,296. விடை 52,065. ஒன்பது வரை கழிப்பவர்களுக்கு 51,336 வரும். ‘எட்டு வரைதான் கழிக்கணும்’ என்று தலைவர் சொன்னால் அன்றைக்கு மட்டும் நினைவிருக்கும். அதைவிட 3³ + 4³ கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். நேராகக் கூட்டினால் 91. மூன்று வரை கழித்தவருக்கு 64 வரும். 64 என்பது வெறும் 4³; 3³ காணாமல் போனது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இப்படி ஒவ்வொரு வகைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஆயத்தொலை வடிவியலில் நாற்கரப் பரப்பு: முனைகள் (8, 6), (5, 11), (−5, 12), (−4, 3) என்றால் பரப்பு 79 சதுர அலகு. நடு இரண்டு புள்ளிகளையும் இடம் மாற்றி எழுதினால் 11 வரும். மிகை எண்ணாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. புள்ளிகளைத் தோராயமாக ஒரு மூலையில் குறித்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. குழுவில் ஒருவர் வேண்டுமென்றே கலைத்துக் கொடுக்க, மற்றவர் வரிசைப்படுத்துவது ஐந்தே நிமிடப் பயிற்சி.

முக்கோணவியலில், கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டிய இறக்கக்கோணத்தைச் செங்குத்துக் கோட்டோடு சேர்த்துப் போடுவது பழைய வியாதி. 50√3 மீட்டர் பாறை உச்சியிலிருந்து 30° இறக்கக்கோணத்தில் ஒரு கார் என்றால் தூரம் 150 மீட்டர். தவறாகப் போட்டவருக்கு 50. பாறையின் உயரமே ஏறக்குறைய 87 மீட்டர். கோணம் 45°-க்குக் குறைவு என்றால் தூரம் உயரத்தைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். இந்த ஒரு வாக்கியம் போதும்.

அளவியலில் இணைந்த உருவங்களுக்குப் புறப்பரப்பு கேட்டால், உள்ளே மறைந்துபோன வட்டத்தையும் கூட்டிவிடுகிறார்கள். தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் மூன்றையும் எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

தாள் மாற்றித் திருத்துதல்

எங்கள் கணிப்பில், ஒன்றேகால் மணி நேர உட்காரலில் விலைமதிப்பானது கடைசி இருபது நிமிடம். தொடக்கத்தில் பத்து நிமிடம் பேசாமல் பத்து ஒரு மதிப்பெண் வினா; நடுவில் இரண்டு பெரிய கணக்கு; பிறகு தாளை மாற்றிக்கொண்டு சிவப்பு மையால் திருத்துவது. விடைக்குறிப்பில் இருப்பதுபோல் சூத்திரத்துக்கு, பிரதியிட்டதற்கு, சுருக்கியதற்கு, அலகோடு விடை எழுதியதற்கு என்று பிரித்து மார்க் போட வேண்டும். மொத்தமாக ‘சரி’ அல்லது பெருக்கல் குறி போடுவது திருத்தம் ஆகாது.

தலைவரின் தாளைக் கட்டாயம் பயந்த இருவரில் ஒருவர் திருத்த வேண்டும். தலைவர் தாண்டி எழுதிய வரியில் ‘இது எப்படி வந்துச்சு?’ என்று அவர் வட்டமிடுவார். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரும் அங்கேதான் மதிப்பெண்ணைக் குறைப்பார். தொண்ணூற்றைந்தில் நிற்கும் பிள்ளைக்குக் குழுவால் கிடைக்கும் நேரடி லாபம் இதுதான். ‘என் நேரம் வீணாகுது’ என்று அம்மா அப்பாவிடம் சொல்லிப் புகார் வருவதும் இதனால் நின்றுவிடும்.

ஒரு மதிப்பெண்ணில் (அ), (ஆ) என்று குறியீடு மட்டும் எழுதக் கூடாது, விடையையும் சேர்த்து எழுத வேண்டும். இதைப் பழக்கத்தில் கொண்டுவருவது திருத்துபவர் கையில் இருக்கிறது: விடை எழுதாவிட்டால் பூஜ்யம். பாட முடிவில் இருக்கும் ‘புக் பேக்’ வினாக்களை வரிசை எண்ணோடு மனப்பாடம் செய்வதும் ஒரு நோய். தெரிவுகளின் இடத்தை மாற்றிக் கேட்டால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள்.

ஐவரும் ஒரே தவறான விடைக்கு ஒத்துப்போவதும் நடக்கும். தலைவர் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அதனால் விடையைச் சத்தமாகச் சொல்லும் முன் ஐவரும் தாளில் எழுதி மூடி வைக்க வேண்டும். இரண்டு விடை வந்தால், அதிகம் பேர் எழுதியது எது என்று எண்ணாமல், பிரதியிட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் தீராதது மறுநாள் காலை ஆசிரியருக்கு. ‘முக்கிய வினாக்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களில் விடை பிழைகள் சகஜம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கடைசி இரண்டு நாள்

புதுக் கணக்கு வேண்டாம். ஒரு மாலை, முழு வினாத்தாளை மூன்று மணி நேரம் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும், பேச்சில்லாமல். பயந்த இருவர் நான்காம் பகுதியை முதலில் முடித்துவிட்டு ஒரு மதிப்பெண்ணுக்கு வரலாம். மற்ற மூவர் வரிசையாகவே எழுதினாலும், வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து நாற்பது நிமிடமாவது கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் குழுவாக உட்காராமல் ஜியோமெட்ரி பாக்ஸை மட்டும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொடுங்கள். காம்பஸ் திருகு இறுகியிருக்கிறதா, பென்சில் இரண்டு சீவியிருக்கிறதா, ஸ்கேலின் பூஜ்யம் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால் 1-லிருந்து அளந்து ஒன்றைக் கழிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். பதற்றத்தில் கழிக்க மறந்துவிடும். பத்து ரூபாய்க்குப் புது ஸ்கேல் வாங்கிவிடுங்கள்.